பேராச்சியும் வறட்டு ஐஸும்

பேராச்சி தென்காசி ஸ்டேஷனில் குண்டு வைத்தாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கலவரத்தோடு அதை முடிச்சுப் போட்டு, அவளைத் தியாகியாக்கிய ஒரு மகானுபாவனையும் போன மாதம் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டாவது, மண்ணாவது! வெடித்தது ஒரு மண்ணெண்ணெய் டின். வெடித்த இடம் என் பார்சல் ஆபீஸ். கூரைக்குப் போன மூடி என் தலைக்கு மேலேதான் போயிற்று. அப்படியிருக்க இன்னொருவன் வந்து எனக்கே கதை சொல்லுவானேன்? நான் பிச்சுமணி, தென்காசி ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரானவன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். அதற்குப் பிறகும் குண்டு என்கிறவன் எப்படியும் போகட்டும்.

பேராச்சி கடையத்துக்காரி. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தாள். புருஷன் பரமசிவனுக்குச் செங்கோட்டை ரோட்டில் மர அறுவை மில்லில் வேலை. விருதுநகர் லைன் போட்ட புதிதில், குற்றாலம் பங்களாக்களில் சீசனுக்கு வந்து தங்குகிற பெரிய மனிதர்களுக்காக மதுரையிலிருந்து ரயிலில் ஐஸ் பாளம் வர ஆரம்பித்தது. தென்காசியில் இறங்கும்போதே அது பாதியாக இருக்கும். மாட்டு வண்டியில் ஏற்றிக் குற்றாலம் கொண்டு சேர்த்தால் பங்களா சமையற்காரன் கையில் ஈரச் சாக்குதான் மிஞ்சும். ஸ்டேஷன் பக்கம் கீரைக்கூடையோடு வருகிற பேராச்சி இந்தக் கூத்தைக் கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு ஒருநாள் மில்லிலிருந்து ஒரு கூடை மரத்தூளை அள்ளிக்கொண்டு வந்து, "பாளத்த எங்கிட்ட விடுங்க, நான் கொண்டு சேக்கேன்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது அவள் ஐஸ் வியாபாரம்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மரப்பெட்டியில் உமி, அதற்கு மேல் சாக்கில் சுற்றிய பாளம், சுற்றிலும் மரத்தூள். மூடியை வைத்து, இடுக்கு முழுக்கக் குழைத்த செம்மண்ணைப் பூசி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்குவாள். இதற்கு 'வாய் கட்டுறது' என்று பெயர். காற்று புகுந்தால் ஐஸ் போச்சு என்பது அவள் வேதம். வாய் கட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்தச் செம்மண் கையாலேயே ஒன்று வைப்பாள். நானே வாங்கியிருக்கிறேன்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் நன்னாரி சர்பத் கடை போட்டுவிடுவாள். அருவியில் குளித்துவிட்டுப் பல் கிட்டிப்போய் வருகிறவன் அவள் கடையில் நின்று ஐஸ் போட்டு சர்பத் குடிப்பான். எனக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏ பேராச்சி, வெடவெடன்னு நடுங்குதவனுக்கு ஐஸ குடுக்கியே, பாவம் பிடிக்காதா?"

"நடுங்குதவனுக்குத்தான் அண்ணாச்சி அது ருசிக்கும். நீரு ஆபீஸ்ல உக்காந்து வேர்வையத் தொடச்சுக்கிட்டே சூடா காப்பி குடிக்கலியா? அது மட்டும் நியாயமாக்கும்!"

இப்படி எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அவளைப் பதில் இல்லாமல் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அது அவள் மகள் முப்பிடாதி விஷயத்தில்.

முப்பிடாதி ஒரே பிள்ளை. ரொம்ப வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவளைப் புனலூரில் மரக்கடை வைத்திருந்த சுந்தரபாண்டியனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான், வீரகேரளம்புதூரிலிருந்து பிழைக்கப் போனவர்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் முப்பிடாதி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, கட்டுச்சோறு கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவதுதானே வழக்கம்? நாள் குறிக்கப் போன பேராச்சியிடம் மாப்பிள்ளையின் தாய் ரெங்கம்மாள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"மைனி, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க வீட்டுல எந்நேரமும் ஐஸு கெடக்கு. பிள்ள பெத்த உடம்பு அந்தக் குளிரத் தாங்குமா? ஜன்னி கண்டா யாரு பதில் சொல்லுவா? வளைகாப்பு போடுங்க, சோறு குடுங்க. பிரசவம் இங்கனயே நடக்கட்டும்."

"குளிரு பெட்டிக்குள்ளதான் மைனி கெடக்கும். எம் பெட்டியில இருந்து ஒரு சொட்டு வெளிய வராது" என்று பேராச்சி சொல்லியிருக்கிறாள்.

"அப்படியா? வளைகாப்புக்கு வரும்போது ஒரு பெட்டி கொண்டாங்க. வெள்ள வேட்டிய விரிச்சு அதுக்கு மேல வைப்போம். வேட்டி நனையலன்னா உங்க மகள அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. நனஞ்சுட்டுன்னா அதுக்கு மேல பேச்சில்ல."

ரெங்கம்மாள் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய அக்கா ஒருத்தி பிரசவமான வீட்டில் ஜன்னி கண்டு செத்துப்போனவள். அந்தப் பயம் அவளுக்கு. பேராச்சிக்கும் அது தெரியும். அதனால்தான் சண்டை போடவும் முடியாமல், "சரி, பெட்டி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி, நேரே என் ஆபீஸுக்கு வந்து வாழைத்தார்க் கட்டுமேல் உட்கார்ந்து அழுதாள்.

"எம் பிள்ளைக்கு நோவு எடுக்கும்போது நான் இங்கன மரத்தூள அள்ளிக்கிட்டு இருக்கணுமா அண்ணாச்சி?"

வேட்டி நனையாமல் இருக்காது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எப்பேர்ப்பட்ட வாய் கட்டினாலும் ஐஸ் ஐஸ்தான். மலை ஏறி இறங்கிப் புனலூர் போவதற்குள் பெட்டியின் அடியில் நீர் கசியும். வீட்டில் பரமசிவனின் வேட்டியை விரித்து அவள் பார்த்த சோதனையெல்லாம் ஈரத்தில்தான் முடிந்தன.

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் யாக்கூப் வந்து சேர்ந்தான். பேராச்சி வீட்டுக்கு அடுத்தாற்போல் கோலி சோடாக் கம்பெனி வைத்திருந்தவன். புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கும், சோடா பாட்டில் வெடித்தது. சோடாவுக்கு கேஸ் அனுப்புகிற மெட்ராஸ் வியாபாரி புதுச் சரக்கு ஒன்றை மாதிரிக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. மேலே புகை விட்டுக்கொண்டிருந்தது.

"யக்கா, இது டிரை ஐஸு. தண்ணியே விடாது. உருகாது. அப்படியே புகையாப் பறந்துரும்."

"ஐஸு உருகாம எங்கல போவும்? வெயில் கியில் பட்டுட்டா ஒனக்கு?" என்று சொல்லிக்கொண்டே பேராச்சி விரலை வைத்துவிட்டாள். "யாத்தே! சுடுதுலே!" என்று ஒரு குதி குதித்தாள். விரல் நுனி கொப்பளித்துப் போயிற்று.

"அதத்தான் சொல்ல வாரேன், அதுக்குள்ள கைய வச்சா?" என்று யாக்கூப் தலையில் அடித்துக்கொண்டான். "சோடாவுல அடைக்கோம்லா ஒரு கேஸு, அதையே கட்டியா உறைய வச்சிருக்கான். வெறுங்கையால தொடக்கூடாது, தீ மாதிரி சுட்டுரும். மூடி போட்டு இறுக்கக்கூடாது, புகை போவ வழி வேணும். கதவ அடச்ச ரூமுல வைக்கக்கூடாது, ஆளுக்கு மூச்சு முட்டிரும். வாயில போட்டிராதீங்க, குடலு வெந்துரும்."

பேராச்சி காதில் விழுந்தது 'தண்ணியே விடாது' என்பது மட்டும்தான். வறட்டு ஐஸ் என்று அதற்கு அந்த இடத்திலேயே பெயரும் வைத்துவிட்டாள். முப்பிடாதிக்கு உயிரான பால் ஐஸைத் தகரக் குழாய்களில் உறைய வைத்து, அதற்கு மேல் வறட்டு ஐஸை வைத்துக் கொண்டுபோனால் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

ஆனால் இறுக்கக்கூடாது என்றானே, அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நீ சோடாக்காரன். ஐஸுக்கு வாயக் கட்டலன்னா ஐஸு நிக்காது. விருதுநகர் லைன் போட்ட நாள்ல இருந்து கட்டுதேன், எனக்கா சொல்லுத?" என்றாள்.

வளைகாப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் ஒரு மண்ணெண்ணெய் டின்னைச் சுமந்துகொண்டு என் ஆபீஸுக்கு வந்தாள். உள்ளே உமி, உமிக்கு நடுவே வறட்டு ஐஸ். மேலே தகர மூடி, செம்மண் பூச்சு, கயிற்றுக் கட்டு எல்லாம் அம்சமாக இருந்தன. காலை வண்டியில் பார்சல் பெட்டியில் அனுப்ப வேண்டும் என்றாள். பால் ஐஸ் பெட்டி காலையில் வருமாம். நானும் டின்னை வாழைத்தாருக்கும் ஒரு கோழிக் கூடைக்கும் நடுவில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்க உட்கார்ந்தேன்.

டின் முதலில் 'டொக்' என்றது. எலி என்று நினைத்தேன். பிறகு அதன் வயிறு புடைத்தது. கயிறு 'கிறீச்' என்றது. என்ன ஏது என்று எழுந்திருப்பதற்குள், 'டொம்!'

மூடி கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. உமி மழையாகக் கொட்டியது. காப்பி என் வேட்டியில். கோழிகள் தண்டவாளத்தில். பிளாட்பாரத்தில் நின்ற போலீஸ்காரர் குப்புறப் படுத்துவிட்டார். ஆபீஸ் முழுக்க வெள்ளைப் புகை. குண்டு, குண்டு என்று கத்திக்கொண்டு ஜனம் ஓடியது. அந்தக் கூச்சல்தான் இன்றைக்கு வரை ஓயவில்லை.

பேராச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். உமியும் ஓட்டுத்தூளுமாக நிற்கிற என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, ஐஸு எங்க?"

எனக்கு வந்த கோபத்தில் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அவள் உடைந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாக்கூப் சொன்னது நெசந்தான் அண்ணாச்சி. பறக்கதுக்கு வழி கேட்டிருக்கு. நாந்தான் கழுதையாட்டம் வாயக் கட்டிட்டேன்" என்றாள். விடுவிடென்று யாக்கூப் வீட்டுக்குப் போய், "தம்பி, நீ சொன்னதுல இன்னும் என்னல்லாம் நெசம்? மொதல்ல இருந்து சொல்லு" என்று அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாக்கூப் தன் கொட்டகையில், நாலு பக்கமும் காற்று வருகிற இடத்தில், மீதிக் கட்டிகளை வைத்திருந்தான். அதிலிருந்துதான் கொடுத்தான். பரமசிவன் பெட்டி மூடியில் துளை போட்டுக் கொடுத்தான். குளிர் கீழே இறங்கும் என்பதால் பால் ஐஸ் குழாய்களை அடியிலும் வறட்டு ஐஸைக் காகிதத்தில் சுற்றி மேலேயும் வைக்கச் சொன்னான் யாக்கூப். தொடுவதற்குப் பழைய மெத்தைத் துணியில் இரண்டு பை தைத்துக் கைக்கு மாட்டிக்கொண்டாள் பேராச்சி. எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

"அடச்ச ரூமுல வைக்கப்படாது, மறந்திராதீங்க" என்று யாக்கூப் சொன்னதற்கு மட்டும், "ரயிலுல போறேன், ரூமுலயா போறேன்?" என்றாள்.

ரயிலில் எங்கே வைப்பது என்று ஒரு வழக்கு வந்தது. நான் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன். "என் கையெழுத்துல இந்தப் பிசாசு பார்சல் பெட்டியில ஏறாது. வேணும்னா ஒம் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போ." இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

"அப்ப நீரும் கூட வாரும். ஏழு வகைச் சோறு கட்டியிருக்கேன்" என்றாள். புளியோதரை, எள்ளுச்சாதம், தேங்காய்ச் சாதம் என்று அவள் வரிசையாகச் சொல்ல, நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பரமசிவனுக்கு மில்லில் லீவு கிடைக்காததால் நாங்கள் இருவர்தான் கிளம்பினோம்.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சீமை. வண்டி நின்றதும் சுங்கச் சவுக்கைச் சேவகர் ஏறி, "பெட்டியில என்ன? புகையிலையா?" என்று கேட்டார். திறந்து காட்டியதும் புகை வந்தது. அவர் சந்தேகத்தோடு கையை உள்ளே விடப்போனார். பேராச்சி அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"கைய எடும்! சுட்டுரும்!"

"ஐஸ் பெட்டியில என்னம்மா சூடு?" என்று அவர் விழித்தார். கொப்பளித்த விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மனிதர் மறுபேச்சில்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

ரயில் பெட்டியில் இருந்தவர்களுக்கு இது போதாதா? சுற்றிச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் எதிரே ஹைருன் பீவி என்று ஒரு அம்மாள், புனலூரில் மகன் வீட்டுக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். குட்டி அவள் காலடியில் படுத்திருந்தது. ஜன்னலோரம் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். கீழே தரையில் துண்டை விரித்து ஒரு பீடிக்காரர். "என்னதுன்னு காட்டு தாயி, நாங்களும் பாக்கோம்" என்று எல்லோருமாகக் கெஞ்சினார்கள். பேராச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கட்டியைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துத் தரையில் நடுவாக வைத்தாள். ஹைருன் பீவி கூஜாவிலிருந்து வெந்நீரை ஊற்றினாள்.

அடேயப்பா! புகை பொங்கித் தாம்பாளத்தில் வழிந்து, தரை முழுக்கப் பாலாக ஓடியது. மேலே எழும்பாமல் காலடியிலேயே தவழ்ந்தது. குற்றாலத்து மேகம் காலடியில் வந்துவிட்டது என்று ஒருவர் கைதட்டினார். நானும் கைதட்டினேன். பேராச்சி இன்னும் இரண்டு கட்டியைப் போட்டாள்.

அந்த நேரத்தில்தான் என்ஜின் ஊதியது. பகவதிபுரம் தாண்டிப் பெரிய குகை. இந்த லைனில் போகிறவர்களுக்கு அந்த ஊதல் கேட்டால் கை தானாகப் போகும். கரிப்புகை உள்ளே வராமல் எல்லா ஜன்னல் பலகையையும் சடசடவென்று இறக்கிவிடுவோம். அன்றைக்கும் இறக்கினோம். கூரையில் ஒரு மங்கல் விளக்கு மட்டும். குகை நீளமானது, ஏற்றம் வேறு, வண்டி நத்தையாக ஊரும்.

தரையில் இருந்தவர் பீடி பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தார். அணைந்துவிட்டது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. "நமத்துப்போச்சு போல" என்றார். அவர் குரலே குழறியது. எனக்குத் தலை கனத்தது. மூச்சை இழுத்து இழுத்து விட வேண்டியிருந்தது. மலை ஏறுவதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஹைருன் பீவி, "ஏட்டி, குட்டி ஏன் இப்படிக் கெடக்கு?" என்று கேட்டாள். ஆட்டுக்குட்டி புகைக்குள் கால் பரப்பி, நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

பேராச்சி குட்டியைப் பார்த்தாள். அணைந்த தீக்குச்சியைப் பார்த்தாள். சுற்றிலும் இறக்கியிருந்த ஜன்னல்களைப் பார்த்தாள்.

"ரூமு! அண்ணாச்சி, இது ரூமு ஆயிட்டு! ஜன்னலத் தெறங்க!"

"கரி வருமே, பைத்தியமா ஒனக்கு?" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

"கரி வந்தா கழுவிக்கிடலாம்லே! எந்திரிங்க, ஒருத்தரும் கீழ உக்காராதீங்க!"

ஒரு கையால் ஆட்டுக்குட்டியைத் தோளுக்குத் தூக்கினாள். மறுகையால் பலகையைத் தள்ளினாள். என் முதுகில் ஒரு குத்து விட்டாள். நான் எழுந்து எதிர்ப்பக்கத்து ஜன்னல்களைத் திறந்தேன். பீடிக்காரரை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து நிமிர்த்தினார்கள். அவள் தாம்பாளத்தை முந்தானையால் பிடித்து, அப்படியே குகைச் சுவரில் வீசினாள். கல்யாணச் சீராக வந்த தாம்பாளம். 'ணங்' என்று ஒரு சத்தத்தோடு போயிற்று. கரிப்புகை குபுகுபுவென்று உள்ளே வந்து எல்லோரும் இருமி, கண்ணைக் கசக்கி, அவளை வாயார வைதுகொண்டே குகையைத் தாண்டினோம்.

வெளிச்சத்துக்கு வந்ததும் பார்த்தால் அத்தனை பேரும் அட்டக்கரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்த குட்டி ஒரு தும்மல் போட்டு, 'மே' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு பேராச்சி விம்மி விம்மி அழுதுவிட்டாள்.

ஆரியங்காவு ஸ்டேஷன் வந்தது. நான் சொன்னேன்: "இனி எல்லாக் குகையிலயும் ஜன்னலத் தொறந்தே வச்சிருப்போம். கரிதானே? சாமானத்த ஒழுங்கா கொண்டு சேத்துரலாம்." பெட்டியில் இருந்தவர்களும் சரி என்றுதான் சொன்னார்கள். சிரித்து முடித்த ஜனம், எதற்கும் சரி என்று சொல்லும்.

பேராச்சி ஜன்னலோரப் பெண்ணின் மடியில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்தாள். கரி படிந்த முகத்தோடு அது கொட்டாவி விட்டது. பிறகு தன் பெட்டியைப் பார்த்தாள். வறட்டு ஐஸ் போனால் ஈரம் வரும். ஈரம் வந்தால் மகள் வரமாட்டாள். அவள் மனதில் ஓடியது எனக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது.

"எம் பிள்ளையக் கூட்டிட்டு வாரதுக்காவ ஊரான் பிள்ளையப் பணயம் வைக்கவா? வேண்டாம் அண்ணாச்சி. பெட்டிய இறக்கும்" என்றாள்.

மெத்தைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிளாட்பாரத்துக் கடைசியில் ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் போட்டாள். "ஒருத்தரும் தொட்டிராதீங்க, காத்தோட அதுவாப் போயிரும்" என்று அங்கே கொடியோடு நின்றவரிடம் சொல்லி வைத்தாள். பால் ஐஸ் குழாய்கள் கல்லாக இருந்தன. இனி புகைக்கு வழி வைக்க வேண்டியதில்லை. மூடித் துளைகளிலும் இடுக்கிலும் ஸ்டேஷன் குழாயடிச் செம்மண்ணைக் குழைத்து அப்பி, கயிற்றைப் போட்டு இறுக்கினாள். கார்டு பச்சைக் கொடி காட்டிக்கொண்டே கத்தினார். கடைசி முடிச்சை ஓடுகிற வண்டியில்தான் போட்டோம்.

புனலூரில் ரெங்கம்மாள் சொன்னபடி முற்றத்தில் சலவை வேட்டியை விரித்து வைத்திருந்தாள். வாசலில் நின்ற எங்களை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. "யாரு, கரி விக்க வந்தவங்களா?" என்றாள். முப்பிடாதிதான் சத்தத்தைக் கேட்டு, "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேராச்சி தன் கரிக் கையால் மகளைத் தொடாமல், தள்ளியே நின்று பார்த்தாள்.

பெட்டியை வேட்டிமேல் வைத்தோம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். சற்றுப் பொறுத்து ரெங்கம்மாள் பெட்டியைத் தூக்கச் சொன்னாள். தூக்கினோம். வெள்ளை வேட்டியில் கை அகலத்துக்குச் செம்மண் ஈரம். ஐஸ் கசியவில்லை, அவள் பூசிய மண்ணின் ஈரம்தான் வழிந்து அடியில் இறங்கியிருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். பேராச்சி என்னைத் தடுத்துவிட்டாள்.

"ஈரம் ஈரந்தான் அண்ணாச்சி. மைனி, நான் தோத்துட்டேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஹைருன் பீவி ஆட்டுக்குட்டியோடு உள்ளே வந்தாள். அவள் மகன் வீடு பக்கத்துத் தெருவாம். "உங்க சம்பந்தி எங் குட்டியக் கொல்லப் பாத்தா, தெரியுமா?" என்று ஆரம்பித்து, தாம்பாளம், குகை, கரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். சரிதான், இருந்த மானமும் போச்சு என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரெங்கம்மாள் பேராச்சியிடம் திரும்பினாள். "நெசமா?"

"நெசந்தான் மைனி. அடச்ச எடத்துல வைக்காதன்னு சொன்னாங்க, நான் காதுல வாங்கல. தப்பு எம்மேலதான்."

"குட்டி விழுந்தத ஆரு மொதல்ல பாத்தா?"

"குட்டிய நாந்தான் பாத்தேன். ஆனா அதுக்கு என்னன்னு வெளங்குனது இவளுக்குத்தான்" என்றாள் ஹைருன் பீவி.

"வேட்டி நனையாம இருக்க அந்த ஐஸு வேணும்லா மைனி? அத எங்க வச்சீங்க?" என்று ரெங்கம்மாள் பேராச்சியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆரியங்காவுல போட்டுட்டேன். வண்டியில ஒரு கைப்பிள்ள இருந்துச்சு."

ரெங்கம்மாள் குனிந்து வேட்டியை எடுத்து மடித்தாள்.

"எங்க அக்கா வெறச்சுக்கிட்டுக் கெடந்தப்ப வீடு நெறைய ஆளு இருந்துச்சு மைனி. ஒருத்தருக்கும் தெரியல. தூங்குதான்னு நெனச்சோம்" என்றாள். "ஆட்டுக்குட்டி மூச்சுத் திணறினதக் கண்டு எந்திரிச்சிருக்கீங்க. எம் மருமகளுக்கு ஒண்ணுன்னா கண்ண மூடிக்கிட்டா இருப்பீங்க? கூட்டிட்டுப் போங்க. அந்தப் பெட்டிய மட்டும் அவ படுக்க ரூமுல வச்சிராதீங்க."

பேராச்சி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. முப்பிடாதி அதற்குள் உள்ளே போய், சேலை, துணிமணி எல்லாம் கட்டிய ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

ரெங்கம்மாள் திகைத்துப்போனாள். "ஏட்டி, இத எப்பக் கட்டுன?"

"எங்கம்மா பெட்டி கொண்டாரேன்னு சொன்னா பாருங்க, அன்னைக்கே கட்டிட்டேன் அத்த" என்றாள் முப்பிடாதி.